கத்தும் யுபிஎஸ்ஸை அடக்குவது எப்படி? பெங்களூரு வீடுகளுக்கான முழுமையான வழிகாட்டி

இரவு இரண்டு மணிக்கு மின்சாரம் போகிறது. மின்வெட்டில் கணினியைப் பேட்டரியில் ஓட்டுவதற்காக மேசைக்கு அடியில் வைத்திருக்கும் யுபிஎஸ் கத்தத் தொடங்குகிறது. தூக்கக் கலக்கத்தில் எழுந்து வருபவர் செய்யும் முதல் காரியம், அதன் பொத்தானை அழுத்திப் பிடிப்பது. சத்தம் நிற்கிறது. கூடவே ரூட்டரும், ஓடிக்கொண்டிருந்த கணினியும் நின்றுவிடுகின்றன. காலையில் அலுவலகக் கோப்பு பாதியில் கிடக்கும்.

யுபிஎஸ்ஸை அடக்குவது கடினமான வேலை அல்ல. வரிசை மாறும்போதுதான் வம்பு வருகிறது. முதலில் ஏன் கத்துகிறது என்று தெரிய வேண்டும், பிறகு பொத்தான், அதற்கும் மசியாவிட்டால் மென்பொருள், ஸ்குரூ டிரைவர் கடைசியில். பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

1. கத்துவது எந்தப் பெட்டி?

கேட்கவே வேடிக்கையாக இருக்கலாம். ஆனால் வீடு முழுவதற்கும் ஓர் இன்வெர்ட்டர், கணினிக்குத் தனியாக ஒரு யுபிஎஸ், ரூட்டருக்கு உள்ளங்கை அளவில் ஒரு மினி யுபிஎஸ் என்று மூன்றும் இருக்கும் வீடுகள் இங்கே ஏராளம். இருட்டில் சத்தம் வரும் திசையைக் காது சரியாகச் சொல்லாது. கூடத்தில் இருக்கும் இன்வெர்ட்டர் கத்த, படுக்கையறையில் யுபிஎஸ்ஸை அணைத்துவிட்டு, சத்தம் ஏன் நிற்கவில்லை என்று விழிப்பவர்கள் உண்டு.

ஒவ்வொரு பெட்டியின் அருகிலும் குனிந்து கேளுங்கள். விளக்கு மின்னுவதும் சத்தம் வருவதும் ஒரே தாளத்தில் இருந்தால் அதுதான் உங்கள் பெட்டி. மாடல் எண் பெரும்பாலும் பின்பக்கத்திலோ அடியிலோ ஒட்டியிருக்கும். கைப்பேசியில் அதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இனி வரும் படிகள் எல்லாவற்றுக்கும் அந்த எண் தேவைப்படும்.

2. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

பகல் நேரம், மின்சாரம் இருக்கும் வேளை. இதுவே முதல் தேவை. மின்வெட்டின் நடுவில் பொத்தான்களைச் சோதித்துப் பார்க்காதீர்கள்.

அடுத்து, சோதனைக்கு ஒரு மேசை விளக்கு. கணினியையும் ரூட்டரையும் முறைப்படி அணைத்து, யுபிஎஸ்ஸிலிருந்து கழற்றிவிட்டு, அந்த இடத்தில் விளக்கை மட்டும் செருகுங்கள். தவறான பொத்தானை அழுத்தினாலும் விளக்குதான் அணையும், உங்கள் வேலை போகாது. இந்த ஒரு படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் பிறகு அதிகம் புலம்புகிறார்கள்.

யுபிஎஸ்ஸின் கையேட்டையும் தேடி எடுங்கள். காகிதப் பிரதி தொலைந்திருந்தால், மாடல் எண்ணைக் கொண்டு தயாரிப்பாளரின் இணையதளத்தில் இறக்கிக்கொள்ளலாம். வோல்ட்டேஜை அளக்கும் சாதாரண மல்டிமீட்டர் ஒன்று இருந்தால் நல்லது. பேட்டரியைச் சந்தேகிக்கும்போது உதவும்.

மின்வெட்டைப் போலச் செய்து பார்க்க, சுவரில் உள்ள சுவிட்சை அணைத்தால் போதும். பிளக்கைப் பிடுங்க வேண்டாம். சுவிட்ச் பேஸ் கம்பியை மட்டுமே துண்டிக்கும், எர்த் இணைப்பு அப்படியே இருக்கும். பிளக்கைப் பிடுங்கினால் எர்த்தும் போய்விடும்; ஆனால் உள்ளே இருக்கும் பேட்டரி 230 வோல்ட்டை உருவாக்கிக்கொண்டே இருக்கும்.

3. சத்தத்தின் தாளத்தைக் கேளுங்கள்

யுபிஎஸ் ஒரே மாதிரியாகக் கத்துவதில்லை. இடைவெளியில்தான் செய்தி இருக்கிறது.

இடைவெளி விட்டு நிதானமாக வரும் பீப், மின்சாரம் இல்லை, பேட்டரியில் ஓடுகிறேன் என்பதற்கான அறிவிப்பு. ஏபிசி நிறுவனத்தின் பேக்-யுபிஎஸ் மாடல்கள் பலவற்றில் 30 விநாடிக்கு ஒருமுறை நான்கு பீப் வரும். மற்ற தயாரிப்புகளில் இடைவெளி மாறலாம், பொருள் மாறாது. கூச்சமில்லாமல் அடக்கக்கூடிய சத்தம் இது ஒன்றுதான்.

அந்த இடைவெளி சுருங்கி, அவசரமாக அடிக்கத் தொடங்கினால் பேட்டரி தீரப்போகிறது. இதை அடக்க வழி தேடாதீர்கள், கோப்புகளைச் சேமித்துக் கணினியை அணையுங்கள். பல மாடல்களில் மற்ற ஒலியை அடக்கி வைத்திருந்தாலும் இந்தக் கடைசி எச்சரிக்கை வந்தே தீரும். அடக்கியும் கத்துகிறதே என்று பழுதாக எண்ண வேண்டாம்.

விடாமல் ஒரே நீட்டாக வரும் ஒலி பெரும்பாலும் லோடு, அதாவது செருகியுள்ள கருவிகள் இழுக்கும் மின்சாரம், மிகுந்துவிட்டதைக் குறிக்கும், அல்லது உள்ளே கோளாறு இருப்பதைக் குறிக்கும். மின்சாரம் ஒழுங்காக இருக்கும்போது பல மணி நேரத்துக்கு ஒருமுறை சிணுங்கினால், அது பேட்டரியை மாற்றச் சொல்கிறது.

நீங்கள் கேட்கும் தாளத்தைக் கைப்பேசியில் ஒரு நிமிடம் பதிவுசெய்து, கையேட்டில் உள்ள பட்டியலோடு ஒப்பிடுங்கள். நினைவிலிருந்து சொல்லும்போது ‘விடாமல் கத்தியது’ என்றே எல்லோரும் சொல்கிறார்கள். பதிவைக் கேட்டால் கதை பெரும்பாலும் வேறாக இருக்கிறது.

4. மின்சாரம் இருக்கும்போதே கத்தினால்

விளக்கெல்லாம் எரிகிறது, மின்விசிறி சுற்றுகிறது, யுபிஎஸ் மட்டும் மின்சாரம் இல்லை என்று கத்துகிறது. பழுதாகிவிட்டது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போவதற்கு முன் நான்கு இடங்களைப் பாருங்கள்.

முதல் இடம், யுபிஎஸ் செருகியிருக்கும் சாக்கெட். தளர்ந்த சாக்கெட்டில் பிளக் பாதி வெளியே தொங்கும். துடைப்பம் பட்டு நகர்ந்திருக்கும். யுபிஎஸ்ஸின் பின்புறம் சில மாடல்களில் ஒரு சிறிய சர்க்யூட் பிரேக்கர் பொத்தான் உண்டு. அது வெளியே தள்ளிக்கொண்டிருந்தால், லோடைக் குறைத்துவிட்டு உள்ளே அழுத்துங்கள்.

இரண்டாவது, அடுக்குமாடிக் குடியிருப்பின் ஜெனரேட்டர். பெங்களூரில் இது மிகச் சாதாரணம். பெங்களூருக்கு மின்சாரம் வழங்கும் நிறுவனமான பெஸ்காமின் மின்சாரம் போனதும் சில விநாடி இருட்டு, பிறகு ஜெனரேட்டர். அதன் வோல்ட்டேஜும் அதிர்வெண்ணும் லிஃப்ட் ஓடும்போது ஒரு மாதிரியும் நிற்கும்போது வேறு மாதிரியும் ஆடும். உணர்திறன் கூடுதலாக அமைக்கப்பட்ட யுபிஎஸ், இந்த மின்சாரம் எனக்கு ஆகாது என்று பேட்டரிக்குத் தாவிவிடும். ஜெனரேட்டர் ஓடும் நேரம் முழுவதும் தாவுவதும் திரும்புவதுமாக இருக்கும். பேட்டரியும் அதற்கேற்பத் தேயும். உங்கள் மாடலில் உணர்திறனைக் குறைக்கும் வசதி இருந்தால் ஒரு படி குறையுங்கள். வழிமுறை கையேட்டில் இருக்கும். இன்றைய கணினிகளின் பவர் சப்ளை இவ்வளவு ஆட்டத்தைத் தாங்கிக்கொள்ளும்.

மூன்றாவது, இன்வெர்ட்டரின் பின்னால் யுபிஎஸ். வாடகை வீடுகளில் இது அடிக்கடி நடக்கிறது. எந்த சாக்கெட் இன்வெர்ட்டர் லைனில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது, வீட்டுக்காரரைக் கேட்டால் அவருக்கும் தெரியாது. பழைய ஸ்கொயர் வேவ் (சதுர அலை) இன்வெர்ட்டரின் மின்சாரத்தைப் பல யுபிஎஸ்கள் நல்ல மின்சாரமாக ஏற்பதில்லை. வீட்டில் இன்வெர்ட்டர் ஓட, அதை நம்பாமல் யுபிஎஸ் தன் பேட்டரியைக் காலி செய்துகொண்டு கத்தும். இரண்டையும் வைத்துக்கொண்டு ஒன்றின் பலனும் கிடைக்காது.

இதற்குத் தீர்வு: யுபிஎஸ்ஸை இன்வெர்ட்டர் லைனில் இல்லாத சாக்கெட்டுக்கு மாற்றுங்கள். இல்லையென்றால், இன்வெர்ட்டர் சைன் வேவ் (சீரான அலை) வகையாக இருந்து அதில் ‘யுபிஎஸ் மோட்’ சுவிட்சும் இருந்தால், அதைப் போட்டுவிட்டுக் கணினியை நேராக இன்வெர்ட்டர் லைனிலேயே ஓட்டிப் பாருங்கள். அந்த மோடில் மின்சாரம் மாறும் நேரம் ஏறக்குறைய 10 மில்லி விநாடி. நல்ல கணினி பவர் சப்ளை 16 மில்லி விநாடி வரை தாக்குப்பிடிக்கும். மறு தொடக்கம் ஆகாமல் ஓடினால் யுபிஎஸ்ஸே தேவையில்லை, சத்தமும் இல்லை.

நான்காவது, லோடு. பெட்டியில் 600 விஏ (வோல்ட்-ஆம்பியர்) என்று பெரிதாக எழுதியிருக்கும். தாங்கும் வாட் 360தான், அதுவும் சிறிய எழுத்தில் இருக்கும். கணினி, மானிட்டர், ரூட்டர் வரை கவலையில்லை. யுபிஎஸ்ஸில் ஒரு ஸ்பைக் பஸ்டரைச் செருகி, அதில் லேசர் பிரிண்டரையும் மாட்டினால், அச்சடிக்கத் தொடங்கும் நொடியில் நீண்ட ஓலம் கேட்கும். காகிதத்தில் மையைப் பதிக்கும் பகுதியைச் சூடாக்க அந்த இயந்திரம் பல நூறு வாட் இழுக்கிறது. பிரிண்டர், இஸ்திரிப் பெட்டி, மிக்ஸி இவற்றுக்கு யுபிஎஸ்ஸில் இடமில்லை.

5. பொத்தானால் அடக்குவது

இப்போது, மேசை விளக்கு மட்டும் செருகியிருக்க, சுவர் சுவிட்சை அணையுங்கள். யுபிஎஸ் பேட்டரிக்கு மாறிக் கத்தத் தொடங்கும்.

தனியாக மியூட் பொத்தான் இருந்தால் வேலை அத்தோடு முடிந்தது. ஏபிசியின் பேக்-யுபிஎஸ் ப்ரோ வரிசையில் சிறிய திரையும் அதன் அருகே மியூட் பொத்தானும் உள்ள மாடல்கள் இருக்கின்றன. ஒலிபெருக்கியின் மேல் கோடு போட்ட படமாகவோ, மணியின் மேல் கோடு போட்ட படமாகவோ அது இருக்கும்.

ஒரே பொத்தான் உள்ள மலிவு மாடல்களில்தான் கவனம் தேவை. பலவற்றில் அந்தப் பொத்தானே இரண்டு வேலை பார்க்கிறது: லேசாகத் தட்டினால் ஒலி அடங்கும், சில விநாடி அழுத்திப் பிடித்தால் யுபிஎஸ்ஸே அணையும். சில மாடல்களில் ஒரு தட்டு, சிலவற்றில் அடுத்தடுத்து இரண்டு தட்டு. இன்னும் சிலவற்றில் அடக்கும் வசதியே இல்லை. விளக்கு எரிகிறதா என்று பார்த்தபடி முதலில் ஒரு தட்டு, பலனில்லையென்றால் இரண்டு தட்டு. விரலை உடனே எடுத்துவிடுங்கள். சத்தம் நிற்கும்வரை அழுத்திக்கொண்டே இருந்தால் நிற்பது சத்தம் மட்டுமல்ல.

அடங்கியதும் சுவர் சுவிட்சைப் போட்டு ஒரு நிமிடம் கழித்து மறுபடியும் அணையுங்கள். மீண்டும் கத்தினால், பொத்தான் அடக்கியது அந்த ஒரு மின்வெட்டுக்கான ஒலியை மட்டும்தான். தினமும் நாலைந்து முறை மின்சாரம் போகும் தெருவில் இருப்பவருக்கு அது போதாது. அடுத்த படிக்குப் போக வேண்டும்.

6. மென்பொருளால் நிரந்தரமாக அடக்குவது

இதற்கு யுபிஎஸ்ஸில் தகவல் பரிமாற்றத்துக்கான போர்ட் இருக்க வேண்டும். கைப்பேசியை சார்ஜ் செய்யக் கொடுத்திருக்கும் யுஎஸ்பி துளை அதுவல்ல. அதில் கேபிளை மாட்டிவிட்டு மென்பொருள் யுபிஎஸ்ஸைக் காணவில்லை என்று மாலை முழுவதும் போராடுவதில் பயனில்லை. தகவல் போர்ட் பெரும்பாலும் பிரிண்டரில் இருப்பதைப் போலச் சதுரமாக இருக்கும். ஏபிசியின் சில மாடல்களில் இணைய கேபிள் துளையைப் போலத் தோன்றும். அதற்கு யுபிஎஸ்ஸோடு வரும் தனிக் கேபிள்தான் பொருந்தும்.

விண்டோஸில் கேபிளை இணைத்ததும் மடிக்கணினியில் வருவதைப் போன்ற பேட்டரிச் சின்னம் தோன்றலாம். இணைப்பு சரி என்பதற்கு அது அடையாளம். ஆனால் ஒலியை அடக்கும் வசதி விண்டோஸில் கிடையாது. தயாரிப்பாளரின் மென்பொருளை நிறுவி, அதன் அமைப்புகளில் ஒலி எச்சரிக்கையைத் தேடி அணைக்க வேண்டும். ஏபிசிக்கு அது பவர்சூட்.

லினக்ஸ் பயன்படுத்துகிறவர்களுக்கு இரண்டு வழிகள். ஏபிசி யுபிஎஸ்ஸைக் கவனிக்கும் ஏபிசியுபிஎஸ்டி மென்பொருளை நிறுவியிருந்தால், முதலில் பின்னணியில் ஓடும் அதன் சேவையை நிறுத்துங்கள்; பிறகு அதனோடு வரும் ஏபிசிடெஸ்ட்டை இயக்குங்கள். சேவை ஓடிக்கொண்டிருக்கும்போது இரண்டும் ஒரே போர்ட்டுக்குப் போட்டியிடும், ஏபிசிடெஸ்ட் பிழை காட்டிவிட்டு வெளியேறும். உள்ளே போனால் அலாரத்தின் நடத்தையை மாற்றும் தேர்வு கிடைக்கும். வேலை முடிந்ததும் சேவையை மறுபடி தொடங்க மறக்காதீர்கள்.

மற்ற தயாரிப்புகளுக்கு நெட்வொர்க் யுபிஎஸ் டூல்ஸ் என்ற மென்பொருள். இதில் பீப்பர் மியூட், பீப்பர் டிசேபிள் என்று இரண்டு கட்டளைகள் உள்ளன. முன்னது இப்போதைய சத்தத்தை மட்டும் அடக்கும், பின்னது ஒலியையே அணைத்து வைக்கும். உங்கள் யுபிஎஸ் எவற்றை ஏற்கிறது என்று முதலில் பட்டியல் கேட்டுப் பாருங்கள். பட்டியலில் இல்லாததை எத்தனை முறை அனுப்பினாலும் வேலை நடக்காது. கட்டளை மறுக்கப்பட்டால், அந்த மென்பொருளின் பயனர்கள் கோப்பில் உங்கள் கணக்குக்குக் கட்டளை அனுமதி கொடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள்.

எந்த வழியில் அடக்கினாலும், யுபிஎஸ்ஸை முழுவதுமாக அணைத்துப் போட்டு ஒருமுறை சோதியுங்கள். பல மாடல்கள் இந்த அமைப்பைத் தமக்குள்ளேயே நினைவில் வைத்துக்கொள்கின்றன, சில மறந்துவிடுகின்றன.

7. பேட்டரி கேட்கும் சத்தம்

பேட்டரியை மாற்றச் சொல்லி வரும் ஒலியை மென்பொருளால் அடக்குவது வீண். சத்தம் போய்விடும், அடுத்த மின்வெட்டில் கணினியும் உடனே போய்விடும்.

சிறிய யுபிஎஸ்ஸில் இருப்பது பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி கொண்ட மூடிய லெட்-ஆசிட் பேட்டரி. ஆயுள் ஏறக்குறைய மூன்று ஆண்டுகள். அது 25 டிகிரி செல்சியஸ் வெப்பத்துக்கான கணக்கு. அதற்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் பாதியாகும் என்பது பொதுவான கணிப்பு. பெங்களூரு குளுகுளு ஊர்தானே என்று சொல்லிக்கொண்டு, காற்றே புகாத டிவி அலமாரிக்குள் யுபிஎஸ்ஸைத் திணித்து வைத்தால் ஊரின் குளிர்ச்சி அதற்கு எட்டாது.

முடிவுக்கு வரும் முன் ஓர் இரவு முழுவதும் சார்ஜ் ஏற விடுங்கள். புதிய யுபிஎஸ்ஸானாலும், ஊருக்குப் போய்த் திரும்பிய பின்னானாலும், காலியான பேட்டரி பழுதான பேட்டரியைப் போலவே கத்தும். அதன் பிறகும் சிணுங்கினால் மாற்றலாம்.

மாற்றும் வரிசை இது. இணைத்துள்ள எல்லாவற்றையும் அணைத்து, யுபிஎஸ்ஸையும் அணைத்து, இப்போது பிளக்கைப் பிடுங்குங்கள். கைக்கடிகாரம், மோதிரம், வளையல் இவற்றைக் கழற்றி வையுங்கள்; உலோகம் இரண்டு முனைகளிலும் ஒரே நேரத்தில் பட்டால் தோல் வெந்துவிடும். முதலில் கறுப்பு ஒயர், பிறகு சிவப்பு. கழற்றும்போது ஒயரை இழுக்காமல் கிளிப்பைப் பிடித்து லேசாக அசைத்து எடுங்கள். பேட்டரி உப்பிப் பெட்டிக்குள் சிக்கியிருந்தால் நெம்பாதீர்கள். கடைக்காரரிடம் பெட்டியோடு கொண்டு போங்கள்.

பழைய பேட்டரியைக் கையோடு எடுத்துச் சென்று புதியதை வாங்குங்கள். மின்னணுப் பொருள்களுக்குப் பெயர்போன எஸ்.பி. ரோட்டில் 7 ஆம்பியர்-மணி பேட்டரி என்று மட்டும் கேட்டால், முனையின் அகலம் மாறிப்போக வாய்ப்பு உண்டு. 4.8 மில்லிமீட்டரிலும் 6.3 மில்லிமீட்டரிலும் முனைகள் வருகின்றன. அகலமான கிளிப்பைக் குறுகிய முனையில் மாட்டினால் தொளதொளவென்று நிற்கும், லோடு ஏறும்போது சூடாகும். பல கடைகளில் பழைய பேட்டரியை எடுத்துக்கொண்டு விலையில் கொஞ்சம் குறைப்பார்கள். அதற்குள் ஈயமும் அமிலமும் இருப்பதால் குப்பைத் தொட்டிக்கு அது போகக் கூடாது.

பொருத்தும்போது முதலில் சிவப்பு, பிறகு கறுப்பு. கடைசி இணைப்பில் சிறு பொறி பறந்தால் பதற வேண்டாம். முழுவதும் சார்ஜ் ஏறியதும் கையேட்டில் சொன்னபடி சுயசோதனையை ஓட்டுங்கள். புதிய பேட்டரி போட்ட பிறகும் சிணுங்கும் யுபிஎஸ்களில் பல, இந்தச் சோதனை நடக்காததால் பழைய முடிவையே பிடித்துக்கொண்டிருப்பவை.

8. கத்துவது இன்வெர்ட்டராக இருந்தால்

வீட்டு இன்வெர்ட்டர்களில் மியூட் பொத்தான் அரிது; ரீசெட் பொத்தான்தான் இருக்கும். லோடு மிகுதியால் கத்தினால், அதை அணைத்து, பிரிட்ஜ் போன்ற கனமான பொருள்களைத் துண்டித்துவிட்டு ரீசெட்டை அழுத்திப் போடுங்கள். பேட்டரி தீர்ந்ததாகக் கத்தினால் மின்விசிறிகளைக் குறைப்பதைத் தவிர அப்போது வழியில்லை. மின்வெட்டு தொடங்கிச் சிறிது நேரத்திலேயே அடிக்கடி அப்படிக் கத்தினால், பேட்டரி மூடிகளில் தண்ணீர் மட்டத்தைக் காட்டும் மிதவைகளைப் பாருங்கள். மட்டம் குறைந்திருந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுங்கள். குழாயில் வரும் காவிரித் தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அதில் உள்ள உப்புகள் பேட்டரியைக் கெடுக்கும்.

9. பெட்டியைத் திறந்து பஸ்ஸரைப் பிடுங்குவது

என் கருத்து: வேண்டாம். உள்ளே மின்சுற்றுப் பலகையில் கறுப்பாக, காசு அளவில், நடுவில் துளையோடு இருக்கும், சத்தம் எழுப்பும் பஸ்ஸரை நீக்க முடியும் என்பது உண்மைதான். ஆனால் அதன் அருகிலேயே 230 வோல்ட் ஓடும் பாதை இருக்கிறது. பிளக்கைப் பிடுங்கினாலும் பேட்டரி உள்ளே உயிரோடு இருக்கிறது. உத்தரவாதமும் போகும். லோடு மிகுதி, கோளாறு என எல்லா எச்சரிக்கைகளும் ஒன்றாக ஊமையாகிவிடும்.

அடக்கும் வசதியே இல்லாத மாடல் என்றால், சத்தம் வெளியே வரும் துளையைக் கண்டுபிடித்து அதன் மேல் மட்டும் தடித்த டேப்பை இரண்டு மடிப்பாக ஒட்டுங்கள். சத்தம் ஓரளவு குறையும். காற்று போகும் துளைகளை மூடிவிடாதீர்கள். துண்டைச் சுற்றி வைப்பது அதைவிட மோசம்.

இரவில் ரூட்டர் மட்டும் ஓடினால் போதும் என்றால், அதற்கென 12 வோல்ட் மினி யுபிஎஸ் வாங்கிவிட்டுப் பெரிய யுபிஎஸ்ஸைத் தூங்கும்முன் அணைத்து வைக்கலாம். சிறிய பெட்டிகளில் பெரும்பாலானவை கத்துவதே இல்லை. ரூட்டர் அடாப்டரில் அச்சிட்டுள்ள வோல்ட்டும் ஆம்பியரும் பொருந்துகின்றனவா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள்.

10. அடக்கிய பின் செய்ய வேண்டியவை

சத்தம் இல்லாத யுபிஎஸ்ஸில் மின்சாரம் போனதே தெரியாது. அதனால் பேட்டரி குறைந்ததும் கணினி தானாகவே அணையும்படி அதே மென்பொருளில் அமைத்துவிடுங்கள். தகவல் போர்ட் இல்லாதவர்கள், இன்வெர்ட்டர் லைனில் சேராத ஒரு சாக்கெட்டில் சிறிய இரவு விளக்கைச் செருகி, மேசையிலிருந்து கண்ணில் படும்படி வைக்கலாம். அது அணைந்தால் மின்சாரம் இல்லை. தெருவுக்கே மின்சாரம் இல்லையென்றால் பெஸ்காமின் 1912 எண்ணுக்குச் சொல்லுங்கள்.

வீட்டில் ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் போன்ற மருத்துவக் கருவி அந்த யுபிஎஸ்ஸில் ஓடினால், சத்தத்தை அடக்க மேலே சொன்ன எதையும் செய்யாதீர்கள். அங்கே சத்தம் இருந்தே ஆக வேண்டும்.

கடைசியாக, மேசை விளக்கைக் கழற்றிக் கணினியையும் ரூட்டரையும் பழையபடி செருகுங்கள். கோப்புகளைச் சேமித்துவிட்டுச் சுவர் சுவிட்சை ஒருமுறை அணைத்துப் பாருங்கள். பிறகு வீட்டில் உள்ள மற்றவர்களிடமும் சொல்லி வையுங்கள்: இந்தப் பொத்தானைத் தட்டலாம், அழுத்திப் பிடிக்கக் கூடாது. சொன்னதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி யுபிஎஸ்ஸின் தலையில் ஒட்டிவிடுங்கள்.